வைரம் தோற்கும் இடம்

கடைசல் பட்டறைக்குக் கிடைக்கும் பொருள்களில் வைரத்தைவிடக் கடினமானது வேறில்லை. அலுமினியம், செம்பு, பித்தளை மூன்றையும் வைர முனையால் கடைந்தால் முகம் பார்க்கும் அளவுக்குப் பரப்பு மினுங்கும். முனையும் நெடுங்காலம் நிற்கும். அதே முனையை ஒரு சாதாரண மைல்டு ஸ்டீல் கம்பியின்மேல் வைத்து வேகமாக ஓட்டினால் சில நிமிடங்களில் மழுங்கிவிடும். விக்கர்ஸ் அளவுகோலில் வைரத்தின் கடினம் 8000-க்கு மேல். அந்தக் கம்பியின் கடினம் 150 சொச்சம். இருந்தும் தோற்பது வைரம்.

வைரம் முழுக்க முழுக்கக் கரிமம். சூடேறிய இரும்பு கரிமத்தைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும். எஃகு என்ற பொருளே அந்தக் குணத்தால்தான் உண்டானது. போதாததற்கு, வைரம் கிராஃபைட்டாக மாறுவதை இரும்பு தூண்டியும் விடுகிறது. அதனால் வைர முனையை எஃகு உரசித் தேய்ப்பதில்லை, கரைத்துத் தின்கிறது. எவ்வளவு கடினமான பொருளானாலும் கரைவதற்கு அந்தக் கடினம் தடையாக இருப்பதில்லை.

உலோகக் கடைசலில் உராய்வையும் தேய்மானத்தையும் பற்றிப் பேசப் புகுந்தால் இந்த உண்மையில் இருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். தேய்மானத்தைத் தனியொரு பொருளின் குணமாகப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் ஆழமாக வேரூன்றி இருக்கிறது. கழற்றி மாற்றும் வெட்டுமுனையைக் காட்டி, ‘இந்த இன்சர்ட் நல்லா தாங்கும்’ என்கிறோம். எதன்மேல் ஓடும்போது, எந்த வெப்பத்தில் என்பதைச் சொல்லாதவரை அந்த வாக்கியத்துக்குப் பொருளில்லை. பூச்சிட்ட வெட்டுக்கருவிகளின் ஐம்பது ஆண்டுக்கும் மேற்பட்ட வரலாறு இதைத்தான் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறது.

கோவையில் பம்புத் தண்டு கடையும் எந்தப் பட்டறையிலும் நடக்கும் ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். இஎன்8 எஃகு. வெட்டு வேகம் நிமிடத்துக்கு 250 மீட்டர், ஊட்டம் சுற்றுக்கு 0.3 மில்லிமீட்டர். ஒரு முனை பதினைந்து நிமிடம் தாங்கினால் அதன்மேல் கடந்துபோன எஃகின் நீளம் 3,750 மீட்டர். உரிந்து வரும் சீவல், வெட்டும் வேகத்தைவிட மெதுவாகத்தான் நகரும். தடிமன் கூடுவதால் ஏறத்தாழ நிமிடத்துக்கு 100 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். கருவியின் மேல்முகத்தை அது தொட்டுக்கொண்டிருக்கும் தூரம் ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கும். கணக்குப் போட்டால், எஃகின் ஒவ்வொரு துணுக்கும் கருவியைத் தொடும் நேரம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

ஆனால் அந்தச் சிறு பொழுதில் நிலவும் சூழல் கடுமையானது. அழுத்தம் ஒரு கிகாபாஸ்கலைத் தாண்டும். அதாவது ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் நூறு கிலோவுக்கு மேலான சுமை. கருவியின் முகத்தில் வெப்பம் 1000 செல்சியஸை எட்டும். இவற்றைவிட முக்கியமான ஒன்று, சீவலின் அடிப்பக்கம் இப்போதுதான் பிறந்த பரப்பு என்பது. காற்றில் கிடக்கும் எந்த உலோகத்தின்மேலும் ஆக்சைடுப் படலமோ எண்ணெய்ப் பசையோ தூசோ இருக்கும். இரண்டு உலோகங்கள் சும்மா தொட்டவுடன் ஒட்டிக்கொள்ளாமல் இருப்பது அந்த அழுக்கின் தயவால். வெட்டுமுனையில் அந்தக் காப்பு இல்லை. கன்னி உலோகம், பெரும் அழுத்தத்தில், செஞ்சூட்டில், கருவியை நேருக்கு நேர் தொடுகிறது.

உராய்வைப் பற்றிப் பள்ளியில் படித்த விதிகள் இங்கே பொய்த்துவிடுகின்றன. சுமை இரட்டித்தால் உராய்வு விசையும் இரட்டிக்கும் என்பது அமோந்தோனின் விதி. அது ஏன் பலிக்கிறது என்பதைக் கேம்பிரிட்ஜில் பௌடனும் டேபரும் விளக்கினார்கள். இரண்டு பரப்புகள் தொடுவதாக நாம் நினைக்கும்போது உண்மையில் தொடுவது அவற்றின் மேடுகளின் உச்சிகள் மட்டுமே. சுமை கூடக்கூட அந்தத் தொடும் பரப்பும் கூடுகிறது, கூடவே விசையும் கூடுகிறது. வெட்டுமுனையிலோ கூடுவதற்கு மிச்சம் ஏதுமில்லை. தொடக்கூடிய இடமெல்லாம் ஏற்கெனவே தொட்டுவிட்டது.

பர்மிங்ஹாமில் பணியாற்றிய எட்வர்ட் டிரென்ட் இதை நுண்ணோக்கியின்கீழ் காட்டினார். வெட்டிக்கொண்டிருக்கும் கருவியைச் சட்டென்று நிறுத்தி, சீவலும் கருவியும் சேர்ந்த நிலையில் குறுக்கே அறுத்து மெருகேற்றிப் பார்த்தால், இரண்டுக்கும் இடையே இடைவெளியே தெரியாது. பற்றவைத்ததுபோல் ஒட்டிக் கிடக்கும். அப்படியானால் சீவல் எப்படி நகர்கிறது? கருவியைத் தொடும் அடுக்கு நகர்வதே இல்லை. அதற்கு மேலே, சில பத்து மைக்ரான் தடிமனுள்ள எஃகு அடுக்கு தனக்குள்ளேயே அறுபட்டு வழிகிறது. முனையிலிருந்து தள்ளி, அழுத்தம் தணியும் இடத்தில்தான் வழக்கமான வழுக்கல் தொடங்குகிறது. சோவியத் ஆய்வாளர் ஸோரெவ் இந்த இரண்டு மண்டலங்களையும் பிரித்துக் காட்டிய வரைபடம் இன்றும் கணினி உருவகங்களுக்கு அடிப்படை.

இதன் விளைவுகள் பெரியவை. ஒட்டு மண்டலத்தில் விசையை முடிவு செய்வது சூடேறிய எஃகின் அறுபடு வலிமை. உராய்வுக் கெழு என்ற எண்ணுக்கு அங்கே வேலையில்லை. சுழலும் தட்டின்மேல் குண்டூசியை அழுத்தித் தேய்க்கும் ஆய்வகச் சோதனையில், ஒரே தடத்தில் ஊசி மீண்டும் மீண்டும் ஓடுகிறது. தடம் ஆக்சைடு ஏறிப் பழகிப்போகிறது. வெட்டும்போது வருவது ஒவ்வொரு கணமும் புதிய உலோகம். ஆகவே அந்தச் சோதனையில் ‘உராய்வு குறைவு’ என்று வெளிவந்த பூச்சு லேத்தில் ஏமாற்றினால் வியப்பதற்கில்லை. கூலண்டுக்கும் இதே கதி. ஒட்டு மண்டலத்துக்குள் நுழைய அதற்கு வழியில்லை. உயர் வேகத்தில் அது சுற்றுப்புறத்தைக் குளிர்விக்கும், சீவலை அடித்துக்கொண்டு போகும். அதைத் தாண்டி உயவூட்டும் என்று நம்புவதற்கு ஆதாரம் குறைவு. மில்லிங்போல விட்டுவிட்டு வெட்டும் வேலையில் சூடும் குளிர்ச்சியும் மாறிமாறித் தாக்கிக் கார்பைடு கருவியில் சீப்புப் பற்கள்போல விரிசல் விழக்கூட அது காரணமாகலாம்.

கழற்றி எடுத்த இன்சர்ட்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் இவையெல்லாம் தடயங்களாகப் பதிந்திருக்கும். பக்கமுகத்தில், வெட்டுவிளிம்புக்குக் கீழே, பளபளப்பான தேய்ந்த பட்டை ஒன்று ஓடும். அதன் சராசரி அகலம் 0.3 மில்லிமீட்டரை எட்டினால் முனையின் ஆயுள் முடிந்தது என்பது பன்னாட்டுத் தர விதி. மேல்முகத்திலோ, விளிம்பை ஒட்டி அல்லாமல் கொஞ்சம் உள்ளே தள்ளி, வழவழப்பான ஒரு பள்ளம். வழிந்தோடும் எஃகு அடுக்கு போகப்போகச் சூடேறுகிறது; உச்ச வெப்பம் நிலவுவது விளிம்பிலிருந்து தள்ளிய அந்த இடத்தில். பள்ளம் விழுவதும் சரியாக அங்கேதான். பக்கமுகத்தில் சிராய்ப்புக் கோடுகள் தெரியும். பள்ளத்தின் அடி பெரும்பாலும் மழமழப்பாக இருக்கும். உப்புக்கட்டியை நீரோட்டத்தில் பிடித்தால் அரிபடுமே, அதைப்போல.

ஆக ஒரே முனையில் இரண்டு வகைத் தேய்மானம். பக்கமுகத்தில் எஃகுக்குள் இருக்கும் கார்பைடு, ஆக்சைடுத் துகள்கள் கீறுகின்றன. அங்கே கடினத்துக்கு மதிப்புண்டு. மேல்முகத்தில் கருவி கரைகிறது. அங்கே மதிப்பு வேதியியலுக்கு.

இந்தப் பிரிவினை புரிவதற்கு முன்பே வேகத்துக்கும் ஆயுளுக்கும் உள்ள உறவைக் கண்டுபிடித்தவர் பிரெடரிக் டெய்லர். 1880-இல் பிலடெல்பியாவில் தொடங்கிய சோதனைகளை 26 ஆண்டுகள் நடத்தி, 1906-இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் தலைமையுரையாக வெளியிட்டார். அதற்காக அவர் சீவிக் கொட்டிய எஃகும் இரும்பும் 8 லட்சம் பவுண்டு. இடையில் மான்செல் வொயிட்டுடன் சேர்ந்து உருவாக்கிய ஹைஸ்பீடு ஸ்டீல், செஞ்சூட்டிலும் கூர் இழக்காமல் வெட்டி உலகை வியக்க வைத்தது. அவருடைய சூத்திரத்தில் ஆயுளின் அடுக்குக்குறியாகக் கார்பைடுக்கு வழக்கமாக எடுக்கும் 0.25-ஐ இட்டால், வேகத்தை இரட்டித்தவுடன் முனையின் ஆயுள் பதினாறில் ஒரு பங்காகச் சரியும். வெறும் உரசலால் தேய்வதாக இருந்தால் இவ்வளவு கொடூரமான சரிவுக்கு இடமில்லை. வேகம் கூடினால் வெப்பம் கூடுகிறது. வெப்பம் கூடினால் கரைதல் மடங்குமடங்காகக் கூடுகிறது.

பிறகு வந்த கருவிப்பொருள் கார்பைடு. டங்ஸ்டன் கார்பைடையும் கோபால்ட்டையும் சேர்த்துச் சுட்டெடுக்கும் முறைக்கு, ஜெர்மனியின் ஓஸ்ராம் நிறுவனத்தில் கார்ல் ஷ்ரோட்டர் 1923-இல் காப்புரிமை கோரினார். க்ருப் நிறுவனம் அதை ‘விடியா’ என்ற பெயரில் சில ஆண்டுகளில் சந்தைக்குக் கொண்டுவந்தது. வார்ப்பிரும்பை அது அருமையாக வெட்டியது. எஃகில் மட்டும் பள்ளம் விழுந்து உயிரை விட்டது. வார்ப்பிரும்பில் சீவல் பொடிப்பொடியாக உதிரும், கருவியின் முகத்தோடு நெடுநேரம் ஒட்டி ஓடாது. எஃகில் நீளமாக ஓடும். டங்ஸ்டன் கார்பைடு சூடான இரும்பில் பல சதவீதம் கரையக்கூடியது. டைட்டானியம் கார்பைடு கரைவதோ ஒரு சதவீதத்துக்கும் கீழ். ஆகவே கலவையில் டைட்டானியம் கார்பைடைச் சேர்த்தார்கள். 1938-இல் பிலிப் மெக்கென்னா தொடங்கிய கென்னாமெட்டல் நிறுவனம் எழுந்ததே டங்ஸ்டன்–டைட்டானியம் கலப்புக் கார்பைடை நம்பித்தான். பள்ளம் அடங்கியது. ஆனால் டைட்டானியம் கார்பைடு கூடக்கூட முனை நொறுங்கும் குணம் கூடியது.

உடல் உறுதியாகவும் தோல் கரையாததாகவும் இருக்க வேண்டும் என்றால் இரண்டையும் தனித்தனிப் பொருளால் செய்வதுதான் வழி. 1969-இல் டைட்டானியம் கார்பைடுப் பூச்சிட்ட இன்சர்ட்டுகள் சந்தைக்கு வந்தன. ஸ்வீடனின் சாண்ட்விக் நிறுவனமும் ஜெர்மனியின் க்ருப்பும் ஏறத்தாழ ஒரே காலத்தில் கொண்டுவந்தன. ஏறக்குறைய 1000 செல்சியஸில் இருக்கும் உலைக்குள் டைட்டானியம் டெட்ராகுளோரைடு ஆவி, மீத்தேன், ஹைட்ரஜன் மூன்றையும் செலுத்தினால் இன்சர்ட்டின் மேல் டைட்டானியம் கார்பைடு படியும். ஹைட்ரஜன் குளோரைடு வெளியேறும். சில மைக்ரான் தடிமன்தான், தலைமுடியின் குறுக்களவில் பத்தில் ஒரு பங்குகூட இராது. அந்த மெல்லிய தோல் எஃகுக் கடைசலில் முனையின் ஆயுளைப் பல மடங்காக்கியது.

தொடக்கத்தில் ஒரு சிக்கல் இருந்தது. பூச்சு வளரும்போது தனக்கு வேண்டிய கரிமத்தில் ஒரு பகுதியை அடியில் இருந்த கார்பைடிலிருந்தே உறிஞ்சியது. கரிமம் இழந்த இடத்தில் ஈட்டா என்ற நொறுங்கும் படிகநிலை உருவாகி, பூச்சுக்கு அடியிலேயே பலவீனமான அடுக்கு ஒன்று அமைந்தது. வாயுக் கலவையைச் சீராக்கியும் வெப்பத்தைக் குறைத்தும் இதைக் கட்டுப்படுத்தினார்கள்.

1970-களில் அலுமினியம் ஆக்சைடு, அதாவது அலுமினா வந்தது. என் வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. அறை வெப்பத்தில் அலுமினா டைட்டானியம் கார்பைடைவிட மென்மையானது. கடின அட்டவணையை மட்டும் பார்த்திருந்தால் யாரும் அதைத் தேர்ந்திருக்க மாட்டார்கள். ஆனால் சூடான இரும்பில் அது கரைவதே இல்லை என்று சொல்லிவிடலாம். மேலும் டைட்டானியம் கார்பைடின் கடினம் சூட்டில் வேகமாகச் சரிகிறது, அலுமினாவின் கடினம் மெல்லத்தான் இறங்குகிறது. எம்ஐடியில் கிரேமரும் சூவும் 1980-இல் வெளியிட்ட ஆய்வு இந்த அனுபவத்தைக் கணக்காக்கியது: வெட்டப்படும் உலோகத்தில் கருவிப்பொருள் எவ்வளவு கரையும் என்பதை வெப்ப இயக்கவியல் தரவுகளிலிருந்து முன்கூட்டியே கணித்து, பள்ளத் தேய்மானத்தின் வரிசையைச் சொல்ல முடியும் என்று காட்டினார்கள். வெட்டிப் பார்க்காமலே ஒரு பூச்சை எடைபோட வழி பிறந்தது.

இன்று எஃகு கடையும் இன்சர்ட் ஒன்றைக் குறுக்கே அறுத்தால் இந்தப் புரிதல் முழுவதும் அடுக்கடுக்காகத் தெரியும். அடியில் கார்பைடு, அதன் மேல்விளிம்பில் இருபது முப்பது மைக்ரான் ஆழத்துக்குக் கோபால்ட் கூடுதலாகச் செறிந்த பட்டை. அதன்மேல் தூண்தூணாக வளர்ந்த டைட்டானியம் கார்போநைட்ரைடு. பக்கமுகத்தில் சிராய்ப்பைத் தாங்குவது இது. அடுத்து மேல்முகத்தைக் கரையாமல் காக்கும் அலுமினா. உச்சியில் பொன்னிறமான டைட்டானியம் நைட்ரைடு, மெல்லியதாக. அந்தப் பொன்னிறத்தால் பட்டறைக்கு ஒரு நேரடி உதவி உண்டு: பொன் உரிந்து கறுப்பு தெரிந்தால் அந்த முனை ஓடிவிட்டது, திருப்பிப் போட வேண்டும் என்று கண்ணாலேயே தெரிந்துவிடும்.

கோபால்ட் பட்டை எதற்கு? பூச்சுகள் சூட்டில் கார்பைடைவிட அதிகம் விரியும், ஆறும்போது அதிகம் சுருங்கும். உலையிலிருந்து வெளியே வரும்போதே பூச்சு இழுவிசைக்கு ஆளாகி மெல்லிய விரிசல்கள் விட்டிருக்கும். அந்த விரிசல் உள்ளே பாயாமல் தடுப்பது வளைந்துகொடுக்கும் கோபால்ட். பூச்சிட்ட பின் மணல்போன்ற துகள்களை வீசி அடித்து மேல்முகத்தின் இழுவிசையைக் குறைப்பதும் உண்டு. மேலே கறுப்பும் பக்கத்தில் பொன்னுமாக வரும் இன்சர்ட்டுகள் அப்படி அடிபட்டவை.

கூர்மையான விளிம்புக்கும் ஹைஸ்பீடு ஸ்டீல் டிரில்லுக்கும் 1000 செல்சியஸ் உலை ஒத்துவராது. வெற்றிடத்தில் 500 செல்சியஸுக்குக் கீழே படியவைக்கும் முறை 1980-களில் இதைத் தீர்த்தது. அதில் பூச்சு அமுக்கவிசையோடு அமைவதால் விரிசல் பாய்வது கடினம். பொன்னிற டிரில்கள் அப்படித்தான் கடைக்கு வந்தன. டைட்டானியம் நைட்ரைடு 500–550 செல்சியஸிலேயே ஆக்சைடாகத் தொடங்கும். அலுமினியத்தைச் சேர்த்தபோது அந்த எல்லை 800 வரை உயர்ந்தது. மேற்பரப்பில் அலுமினியம் ஆக்சைடாகி மூடிக்கொள்கிறது. இன்னொரு வியப்பும் அதற்குள் இருந்தது. டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடு என்பது சமநிலை இல்லாத கலவை. 800–900 செல்சியஸில் அது டைட்டானியம் செறிந்தும் அலுமினியம் செறிந்தும் நானோ அளவில் பிரிகிறது, பிரியும்போது மேலும் கடினமாகிறது என்று மேர்ஹோபர், ஹுல்ட்மன் குழுவினர் 2003-இல் விளக்கினார்கள். வெட்டும் சூட்டிலேயே பதப்படும் பூச்சு அது. கூலண்டு இல்லாமல் உலர் மில்லிங் பரவலானதில் இதன் பங்கு பெரிது.

இத்தனை வெற்றிக்குப் பிறகு டைட்டானியத்தின் முன் எல்லாம் தலைகீழாகிறது. விமான உறுப்புகளுக்குப் பயன்படும் டைட்டானியம் கலவையின் வெப்பங்கடத்தும் திறன் சாதாரண எஃகின் ஏழில் ஒரு பங்கு அளவே. சீவலோடு போக வேண்டிய சூடு வெட்டுவிளிம்பிலேயே தேங்குகிறது. கூடவே, சூடான டைட்டானியம் நைட்ரஜனையும் ஆக்சிஜனையும் கரிமத்தையும் ஒன்றுவிடாமல் இழுத்துக்கொள்ளும் உலோகம். எஃகில் சிரஞ்சீவியாக நின்ற அலுமினா இங்கே வேகமாக அழிகிறது. டைட்டானியம் நைட்ரைடும் அப்படியே. நெடுங்காலமாகப் பரிந்துரைக்கப்பட்டது பூச்சே இல்லாத நுண்மணிக் கார்பைடு. வேகம் நிமிடத்துக்குச் சுமார் 60 மீட்டர்.

1982-இல் ஹார்டங்கும் கிரேமரும் இதன் காரணத்தைத் தேடினார்கள். டங்ஸ்டன் கார்பைடிலும் பலபடிக வைரத்திலும் தேய்மானம் மிகக் குறைவாக இருந்தது. இரண்டிலும் கரிமம் உண்டு. டைட்டானியம் அந்தக் கரிமத்தோடு வினைபுரிந்து கருவியின் முகத்திலேயே டைட்டானியம் கார்பைடு அடுக்கு ஒன்றை உண்டாக்கி ஒட்டவைத்துக்கொள்கிறது; அதன் பிறகு கரிமம் அந்த அடுக்கின் வழியே ஊர்ந்து போகும் வேகத்துக்குத்தான் தேய்மானம் நடக்கிறது. எஃகிடம் தோற்ற வைரமும் கார்பைடும் டைட்டானியத்திடம் நிற்பது இதனால். தனக்கு வேண்டிய பூச்சை வெட்டுதலே அங்கே நெய்துகொள்கிறது. எஃகிலும் இதற்கு இணை உண்டு. கால்சியம் சேர்த்து ஆக்சிஜன் நீக்கிய எஃகுகளைக் கடையும்போது அவற்றிலுள்ள ஆக்சைடுத் துகள்கள் கருவியின்மேல் கண்ணாடிப் படலமாகப் படிந்து அதைக் காக்கும். ஆஹன் நகரில் ஓபிட்ஸ் குழுவினர் 1960-களில் ஆராய்ந்த விஷயம் இது.

நம் பட்டறைகளில் நடக்கும் பல இழப்புகள் இந்த இணைப்பொருத்தத்தைக் கவனிக்காததால் வருபவை என்பது என் உறுதியான கருத்து. எஃகில் அருமையாக ஓடிய டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடு எண்ட் மில்லை அலுமினியத்தின்மேல் விட்டால், பூச்சிலுள்ள அலுமினியத்தோடு சீவல் ஒட்டிக்கொண்டு, சீவல் வெளியேறும் பள்ளங்கள் அடைபட்டுக் கருவி முறியும். விலை கூடிய பூச்சு என்பதற்காக வாங்கி, விலை குறைந்த பூச்சில்லாத மெருகிட்ட கார்பைடிடம் தோற்பவர்கள் உண்டு. பெட்டியின்மேல் நீலம், மஞ்சள், சிவப்பு, பச்சை, பழுப்பு, சாம்பல் என்று இருக்கும் நிறக்கட்டங்கள் வெட்டப்படும் உலோகத்தைக் குறிப்பவை. கருவியின் தரவரிசை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தொழிற்பயிற்சி வகுப்புகளில் கடின அட்டவணைக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியையாவது இந்தப் பொருத்தத்துக்கு ஒதுக்கினால், கோபால்ட்டும் டங்ஸ்டனும் இவ்வளவு வீணாகாது. இரண்டுமே உலகில் சில இடங்களில் மட்டும் செறிந்திருக்கும் உலோகங்கள்.

இன்று ஆய்வாளர்களைத் திணறடிப்பது இரண்டுக்குப் பதில் மூன்று பொருள்கள் சந்திக்கும் வேலை. போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற விமானங்களில் கார்பன் இழைத் தகட்டையும் டைட்டானியத் தகட்டையும் அடுக்கி, இரண்டையும் ஒரே டிரில்லால் ஒரே மூச்சில் துளைக்க வேண்டியிருக்கிறது. கார்பன் இழை மணல்தாள்போல விளிம்பைச் சிராய்த்து உருட்டிவிடும். அதைத் தாங்க வைரப் பூச்சைப்போல ஒன்று வேண்டும். உருண்ட விளிம்போடு டைட்டானியத்துக்குள் இறங்கினால் சூடு ஏறி, டைட்டானியம் விளிம்பில் அப்பிக்கொள்ளும். அடுத்த துளையில் கார்பன் இழை அந்த அப்பலைப் பிய்க்கும்போது பூச்சும் கார்பைடு மணிகளும் சேர்ந்து பெயர்ந்து வருகின்றன. ஒவ்வொரு தகடும் மற்றதன் அழிவுவேலையை முடித்துக்கொடுக்கிறது. இரண்டையும் சமாளிக்கும் ஒற்றைப் பூச்சு இன்னும் அமையவில்லை. அதனால் இப்போதைக்குத் தீர்வு பாதி இயந்திரத்தின் பக்கம் நகர்ந்திருக்கிறது: டிரில் எந்தத் தகட்டில் இருக்கிறது என்பதை விசையின் மாற்றத்திலிருந்து உணர்ந்து, இழையில் வேகமாகவும் டைட்டானியத்துக்குள் புகுந்தவுடன் மெதுவாகவும் ஓடும் துளையிடு கருவிகள் விமானத் தொழிற்கூடங்களில் வேலைக்கு வந்துவிட்டன.